இறந்தவை உரைக்கும் உண்மை

நுழையும்முன்

மருத்துவம் என்றதும் உயிரோடிருக்கும் நோயாளியே நம் நினைவுக்கு வருவார். இறந்துபோன உயிரின் உடலைப் படித்து, எஞ்சிய உயிர்களைக் காக்கும் மருத்துவத் துறை ஒன்றும் உண்டு. அதுவே நோய்க்குறியியல். விலங்குகளின் நோய்களை இவ்வாறு ஆராயும் வல்லுநர் எவ்வாறு உருவாகிறார்? பட்டங்கள் பல பெற்ற பின்னும் அவர் ஏன் தொடர்ந்து பயில வேண்டியிருக்கிறது? அப்பயிற்சியால் ஊருக்கும் உலகுக்கும் விளையும் பயன் யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

நால்வகை நிலமும் நாற்கால் செல்வமும்

நாஞ்சில் என்னும் சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். கலப்பையின் பெயரைத் தாங்கிய நாஞ்சில் நாட்டை உள்ளடக்கியது கன்னியாகுமரி மாவட்டம். மலையும் காடும் வயலும் கடலும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கிவிடும் நிலம் இது. கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பகுதிகளில் காட்டை ஒட்டி ரப்பர்த் தோட்டங்கள் விரிகின்றன. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக நெல் விளையும் வயல்களும் அவற்றுக்கு நீரூட்டும் குளங்களும் சமவெளியை நிறைக்கின்றன. சுசீந்திரம் - தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. தொலைதூர நாடுகளிலிருந்து வலசை வரும் நீர்ப்பறவைகள் இங்குத் தங்கிச் செல்கின்றன.

இவ்வளம் ஒரு பொறுப்பையும் உடன் கொண்டுவருகிறது. காட்டு விலங்கு நீர் அருந்தும் ஓடையில் வீட்டு மாடும் நீர் அருந்துகிறது. வலசைப் பறவை இரைதேடும் வயலில் வளர்ப்பு வாத்தும் மேய்கிறது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் உழவரின் கால் பதிகிறது. விலங்கிலிருந்து விலங்குக்கும், விலங்கிலிருந்து மனிதருக்கும் நோய் கடப்பதற்கு இத்தகைய சந்திப்புகளே வழியாகின்றன. அண்டை மாநிலமான கேரளத்தின் குட்டநாட்டுப் பகுதியில் 2014ஆம் ஆண்டின் இறுதியில் வாத்துகளிடையே பறவைக் காய்ச்சல் பரவியது. எல்லைக்கு அப்பால் நேரும் இத்தகைய இறப்பு, இப்பால் உள்ளோருக்கும் எச்சரிக்கையே.

இத்தகைய நிலத்தில் ஓர் ஆடு காரணம் தெரியாமல் இறந்தால், அந்த இழப்பு ஒரு குடும்பத்தோடு முடிந்துவிடுவதில்லை. ‘இது எதனால் இறந்தது?’ என்னும் வினாவுக்குச் சரியான விடை கிடைக்கும்வரை, பட்டியில் எஞ்சியிருக்கும் ஆடுகளும் அவற்றை வளர்ப்போரும் இடரிலேயே இருக்கின்றனர்.

நோயின் சுவடுகளைப் படித்தல்

மாடுகளின் நோய்களையும் அவற்றுக்குரிய மருந்துகளையும் கூறும் மாட்டு வாகட நூல்கள் தமிழில் உண்டு. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தறிந்த பின்னரே அதனைத் தீர்க்க முற்பட வேண்டும் என்பது ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. அக்காரணத்தைத் தேடும் பணியை உடலின் உள்ளே சென்று செய்வது நோய்க்குறியியல்.

நோய் தான் சென்ற வழியெல்லாம் சுவடு பதிக்கிறது. நுரையீரல் இறுகுகிறது, குடலில் இரத்தம் கசிகிறது, கல்லீரலில் வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. உடற்கூறாய்வு மேசையில் வெறுங்கண்ணால் காணப்படும் இம்மாற்றங்களைப் பதிவு செய்வது முதற்படி. பின்னர், ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் சிறு துண்டுகள் எடுக்கப்பட்டு, அழுகாமலிருக்கப் பத்து விழுக்காடு ஃபார்மலின் கரைசலில் இடப்படுகின்றன. அவை மெழுகில் பதிக்கப்பட்டு, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்கு தடிப்புள்ள சீவல்களாக அரியப்படுகின்றன. ஹெமட்டாக்சிலின், இயோசின் என்னும் இரு சாயங்கள் ஏற்றப்பட்டதும் உயிரணுக்களின் உட்கருக்கள் நீலமாகவும் சுற்றியுள்ள பகுதி இளஞ்சிவப்பாகவும் நுண்ணோக்கியில் தெரிகின்றன. செருமானிய அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ 1858ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நோயின் இருப்பிடத்தை உயிரணுவில் தேட வேண்டும் என்று நிறுவினார். மனித மருத்துவத்துக்கும் விலங்கு மருத்துவத்துக்கும் இடையே எல்லைக்கோடு இல்லை என்பதும் அவர் கொண்ட கருத்தாகும்.

அரசூர் கற்பித்த பாடம்

நோயின் பெயரைப் பிழையின்றி அறிவதன் பயனைத் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்று உலகுக்குக் காட்டியது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள அரசூரில் 1987ஆம் ஆண்டு செம்மறியாடுகள் நோயுற்று மடிந்தன. காய்ச்சல், வாய்ப்புண், மூக்கொழுகல், கழிச்சல் ஆகியன அந்நோயின் அறிகுறிகள். மாடுகளைக் கொன்றுவந்த வெக்கை நோயின் அறிகுறிகளும் இவைபோன்றனவே. ஆகவே, வெக்கை நோயே ஆடுகளையும் தாக்கியது எனக் கருத இடமிருந்தது.

ஆய்வின் முடிவு வேறாக இருந்தது. ஆடுகளைக் கொன்றது வெக்கை நோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவுடைய மற்றொரு நச்சுயிரி. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் 1942ஆம் ஆண்டிலேயே விவரிக்கப்பட்டிருந்த ஆட்டுக்கொல்லி நோய் அது. இந்தியாவில் அது கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம்.எஸ். ஷைலாவும் அவருடன் பணியாற்றிய அறிஞர்களும் 1989ஆம் ஆண்டில் இதனை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர்.

பெயர் மாறினால் என்ன என்று எண்ணலாம். அக்காலத்தில் இந்தியா வெக்கை நோயை வேரோடு ஒழிக்க முயன்றுகொண்டிருந்தது. ஆடுகளுக்கு வரும் நோயையும் வெக்கை என்றே கணக்கிட்டிருந்தால், வெக்கை ஒழிந்த பின்னும் அது ஒழிந்ததாக உறுதிகூற இயலாது. ஆட்டுக்கொல்லி நோய்க்கெனத் தனித் தடுப்பூசி வேண்டும் என்னும் எண்ணமும் வலுப்பெற்றிராது. பின்னர்த் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசி, அரசூரில் கிடைத்த கிருமியின் வழிவந்தது. ‘அரசூர் 87’ என்பதே அதன் பெயர். ஆட்டுக்கொல்லி நோயை 2030ஆம் ஆண்டுக்குள் உலகிலிருந்து ஒழிப்பது பன்னாட்டு அமைப்புகளின் இன்றைய இலக்கு.

இந்நிகழ்வு மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. இவ்விரு நோய்களும் திசுக்களில் விட்டுச்செல்லும் மாற்றங்கள் பெரிதும் ஒத்தவை. நுண்ணோக்கி மட்டும் இங்குப் போதாது. கிருமியின் மரபுப்பொருளையே சோதித்தாக வேண்டும். தன் கருவி எதுவரை பேசும், எங்கே நின்றுவிடும் என்று அறிந்திருப்பதும் நோய்க்குறியியல் வல்லுநரின் தகுதியே.

தெரிந்து தெளிவோம்

வெக்கை நோய், பெரியம்மைக்குப் பின் உலகிலிருந்து முற்றிலும் ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோயாகும். விலங்கு நோய்களில் அவ்வாறு ஒழிந்தது இதுவே முதலாவது. இந்தியாவில் இந்நோய் இறுதியாகக் காணப்பட்டது 1995ஆம் ஆண்டில், அதுவும் தமிழ்நாட்டில். இந்தியா 2006ஆம் ஆண்டில் வெக்கை நோயற்ற நாடாக ஏற்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

பட்டத்துக்குப் பின்னும் பயிற்சி

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மாணவர் கால்நடை மருத்துவ இளநிலைப் பட்டம் பெற, உள்ளுறைப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டுகள் ஆகின்றன. முதுநிலைப் பட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள்; முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள். பத்தாண்டுகளுக்கு மேல் கற்ற ஒருவருக்கு இன்னும் கற்க என்ன இருக்கிறது?

முனைவர் பட்ட ஆய்வு, ஒரு சிறு பொருளை ஆழ்ந்து அறியச் செய்கிறது. உடற்கூறாய்வு மேசைக்கு வரும் உயிரோ எந்த இனமாகவும் இருக்கலாம். எந்த நோயாலும் இறந்திருக்கலாம். ஆழத்தோடு அகலமும் வேண்டும். அவ்விரண்டையும் இணைப்பதே முனைவர் பட்ட மேலாய்வுப் பயிற்சியின் நோக்கம். அனுபவம் மிக்க வல்லுநரின் அருகில் அமர்ந்து, ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான திசுச்சீவல்களைப் பார்த்துப் பழகுவதே அதன் வழி. இசை பயில்வோர் ஆசிரியரின் அருகிருந்து கேட்டுக் கேட்டுச் செவியைப் பண்படுத்துவதுபோல, இங்குக் கண் பண்படுகிறது.

இப்பயிற்சியின் முதல் ஒழுக்கம், கண்டதைக் கண்டவாறு விவரித்தல். நோயின் பெயரைச் சொல்வதற்கு முன், உறுப்பின் நிறம், அளவு, உறுதி, மாற்றம் பரவியுள்ள விதம் ஆகியவற்றை எழுத வேண்டும். முன்கூட்டியே ஒரு பெயரை மனத்தில் கொண்டவர், அப்பெயருக்குப் பொருந்துவதை மட்டுமே காண்பார். பொருந்தாததைக் கண்டும் கடந்துவிடுவார். முதலில் விவரிப்பு, பின் ஒப்பீடு, இறுதியில் முடிவு என்பதே வரிசை. பிறர் தரும் விளக்கத்தைக் கேட்டுத் தம் முடிவைத் திருத்திக்கொள்ளும் பழக்கமும் இங்கே வளர்கிறது. அமெரிக்காவில் நடத்தப்படும் ‘புதன்கிழமைத் திசுத்தகடு அமர்வு’ இதற்கொரு சான்று. வாரந்தோறும் நான்கு நோய் நேர்வுகளின் திசுத்தகடுகளைப் பல நிறுவனங்களின் பயிற்சியாளர்கள் தனித்தனியே படித்து விவரிக்கின்றனர். பின்னர்க் கூடி விவாதிக்கின்றனர்.

திசுவில் உள்ள கிருமியின் புரதத்தை எதிர்ப்பொருள்களைக் கொண்டு அடையாளம் காணுதல், மரபுப்பொருளைப் பெருக்கிச் சோதித்தல், மின்னணு நுண்ணோக்கியைக் கையாளுதல், கொடிய கிருமிகளுக்கிடையே தம்மையும் பிறரையும் காத்துப் பணிபுரிதல் ஆகியனவும் பயிற்சியில் அடங்கும். எலி முதல் யானை வரையிலான உயிர்களின் நோய்களை மனித நோய்களோடு ஒப்பிட்டு ஆராயும் ஒப்பீட்டு நோய்க்குறியியல் இதன் முக்கியப் பகுதியாகும்.

ஆட்டின் மூளையிலிருந்து நோபல் பரிசுக்கு

இத்தகைய பயிற்சி எங்குக் கொண்டுசேர்க்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பீட்டர் டோஹர்டி எடுத்துக்காட்டாவார். 1940ஆம் ஆண்டு பிரிஸ்பேன் நகரில் பிறந்த அவர், குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் பயின்றார். ஸ்காட்லாந்துக்குச் சென்று செம்மறியாடுகளின் மூளையைத் தாக்கும் நோயை ஆராய்ந்து, 1970ஆம் ஆண்டில் எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்றார். அத்துடன் நிறைவடையாமல், நோயெதிர்ப்பியலைக் கற்பதற்காக கான்பெரா நகரிலுள்ள ஆய்வு நிறுவனம் ஒன்றில் மேலாய்வுப் பயிற்சியில் சேர்ந்தார்.

அங்கு இடநெருக்கடியால் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோல்ஃப் சிங்கர்நாகலும் அவருடைய ஆய்வறையில் பணிபுரிய நேர்ந்தது. கால்நடை மருத்துவரும் மனித மருத்துவரும் இணைந்து, நச்சுயிரி தாக்கிய எலிகளின் மூளையை ஆராய்ந்தனர். உடலின் காவல் உயிரணு, நோயுற்ற உயிரணுவை எவ்வாறு இனங்காண்கிறது என்னும் புதிருக்கு விடை கிடைத்தது. காவல் உயிரணு கிருமியின் அடையாளத்தை மட்டும் காண்பதில்லை. தன் உடலுக்குரிய அடையாளத்தையும் சேர்த்தே காண்கிறது. 1974ஆம் ஆண்டில் வெளியான இக்கண்டுபிடிப்பு, 1996ஆம் ஆண்டு இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றுத்தந்தது. ஆட்டின் மூளையைப் பார்த்துப் பழகிய கண், மனித உடலின் காவல் முறையை விளக்க உதவியது.

காகங்கள் கொண்டுவந்த செய்தி

1999ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் நகரில் முதியோர் சிலர் மூளைக்காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். அது கொசுக்களால் பரவும் ‘செயின்ட் லூயிஸ்’ மூளைக்காய்ச்சல் எனச் சுகாதாரத் துறையினர் அறிவித்தனர். அதே வேளையில் நகரின் காகங்கள் இறந்து விழுந்தன. பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவின் பூநாரைகளும் இறந்தன. பூங்காவின் நோய்க்குறியியல் வல்லுநரான கால்நடை மருத்துவர் டிரேசி மெக்நமாரா அவற்றை அறுத்து ஆராய்ந்தார். மூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் காணப்பட்டன.

அவர் தொடர்ந்து சிந்தித்தார். செயின்ட் லூயிஸ் காய்ச்சல் பறவைகளைக் கொல்வதில்லை. இங்கோ பறவைகள் இறக்கின்றன. அமெரிக்காவில் அறியப்பட்ட மற்றொரு மூளைக்காய்ச்சல் ஈமு பறவைகளைக் கொல்லும். பூங்காவின் ஈமுக்களோ நலமாக உள்ளன. ஆகவே, இது இரண்டும் அல்லாத மூன்றாவது நோயாக இருக்க வேண்டும். மனிதரின் காய்ச்சலுக்கும் பறவைகளின் இறப்புக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும் என அவர் வற்புறுத்தி, மாதிரிகளை ஆய்வகங்களுக்கு அனுப்பினார். 1937ஆம் ஆண்டில் உகாண்டாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மேற்கு நைல் நச்சுயிரி அமெரிக்கக் கண்டத்தில் நுழைந்துவிட்டது என்னும் உண்மை செப்டம்பர் மாத இறுதியில் வெளிப்பட்டது. இறந்த பறவைகளோடு நலமாக இருந்த பறவைகளையும் சான்றாகக் கொண்டதே அவருடைய பயிற்சியின் சிறப்பு.

கத்தி எடுக்காத அறிவு

அறுக்கக் கற்றவர், எப்போது அறுக்கக் கூடாது என்பதையும் கற்க வேண்டும். நலமாக மேய்ந்த மாடு திடீரென இறந்து, மூக்கு, ஆசனவாய் வழியே உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசிந்தால், அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அவ்வுடலை அறுக்கலாகாது. அறுத்தால் உள்ளிருக்கும் கிருமிகள் காற்றுப்பட்டு விதைபோன்ற வன்வித்துகளாக மாறும். அவை மண்ணில் பல பத்தாண்டுகள் அழியாமல் கிடக்கும். அறுப்பவருக்கும் நோய் தொற்றும். எனவே, காதின் நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் மட்டும் எடுத்துச் சாயமேற்றிப் பார்க்கின்றனர். பின்னர் உடலைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கின்றனர் அல்லது எரிக்கின்றனர்.

ஆய்வகம் எட்டாத காட்டிலும் இவ்வறிவுக்கு வேலை உண்டு. ‘யானை டாக்டர்’ என அழைக்கப்பட்ட வி. கிருஷ்ணமூர்த்தி (1929 - 2002), முதுமலை, ஆனைமலைக் காடுகளில் பணியாற்றியவர். காட்டில் இறந்துகிடக்கும் யானைகளின் உடல்கள் அழுகிய நிலையிலும் அவற்றைக் கூறாய்வு செய்து, இறப்புக்குக் காரணம் நோயா, தந்தத்துக்காகப் பாய்ந்த குண்டா என்று கண்டறிந்தார். இறந்த காட்டுயானையின் மரணத்துக்கும் காரணம் அறியப்பட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவரைப் பற்றிய ‘யானை டாக்டர்’ என்னும் கதையை எழுதியவர் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஜெயமோகன்.

நம் நாட்டில் வாய்ப்புகள்

இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் 1889ஆம் ஆண்டில் புனே நகரில் நுண்ணுயிரியல் ஆய்வகமாகத் தொடங்கியது. பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்துக்கும், அடுத்து இசத்நகருக்கும் விரிந்தது. கொடிய விலங்கு நோய்களை ஆராய உயர்பாதுகாப்பு ஆய்வகம் போபாலில் இயங்குகிறது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989ஆம் ஆண்டிலும் தோன்றின. இராணிப்பேட்டையில் 1932ஆம் ஆண்டு முதல் கால்நடைகளுக்கான தடுப்பூசிகள் ஆக்கப்படுகின்றன. 2012ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி, குமரி மாவட்ட மாணவர்களுக்கு அண்மையில் உள்ளது.

வாய்ப்புகள் இருந்தும் இத்துறையை நாடுவோர் பலரல்லர். சிகிச்சையளிக்கும் மருத்துவருக்கு உடனே நன்றி கிடைக்கிறது. நோய்க்குறியியல் வல்லுநருக்கோ முன்னிற்பது துர்நாற்றமும் மௌனமும். பயிற்சிக் காலம் நீண்டது. வருவாய் தாமதமாகவே வருகிறது. ஆயினும், சிகிச்சையால் ஒரு மாடு பிழைக்கிறது. நோயின் பெயரைச் சரியாக அறிவதால் ஒரு வட்டாரத்தின் மந்தையே பிழைக்கிறது.

வல்லுநரின் அறிவு பயன்படுவதற்கு ஊராரின் துணையும் வேண்டும். கோழிகளோ ஆடுகளோ அடுத்தடுத்து மடிந்தால், அவற்றை விற்பதும் நீர்நிலையில் எறிவதும் நோயைப் பரப்பும், சான்றையும் அழிக்கும். வெறுங்கையால் தொடாமல், காலம் தாழ்த்தாமல் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் தெரிவிப்பதே முறை. உடல் அழுகுவதற்கு முன் மருத்துவர் எடுக்கும் மாதிரியே ஆய்வகத்தில் தெளிவாகப் பேசும். தேரூர்க் குளக்கரையில் காணப்படும் ஓர் இறந்த பறவையைக் குறித்து ஒரு மாணவர் உரிய நேரத்தில் சொல்லும் செய்தி, அந்நீண்ட ஆய்வின் முதல் வரியாக அமையலாம்.

சொல்லும் பொருளும்

வாகடம் - மருத்துவ நூல்
வலசை - பருவந்தோறும் இடம்பெயர்தல்
கழிச்சல் - வயிற்றுப்போக்கு
வன்வித்து - பாதகமான சூழலிலும் அழியாத கிருமியின் உறைநிலை
உள்ளுறைப் பயிற்சி - படிப்பின் இறுதியில் மருத்துவமனையில் தங்கிப் பெறும் பயிற்சி

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் கால்நடை வளர்ப்போரைச் சந்தித்து, ஆடுமாடுகளுக்கு வரும் நோய்களுக்கு வழங்கும் வட்டாரப் பெயர்களைத் தொகுக்க.
2. அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் கேட்டறிந்து, ‘கால்நடை திடீரென இறந்தால் செய்ய வேண்டியவையும் செய்யக் கூடாதவையும்’ என்னும் தலைப்பில் சுவரொட்டி உருவாக்குக.
3. வகுப்பறையில் ஒரு பொருளை வைத்து, அதன் பெயரைக் குறிப்பிடாமல் கண்டதை மட்டும் பத்து வரிகளில் விவரித்து எழுதுக. நண்பர் எழுதியதோடு ஒப்பிட்டுக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

சிறுவினா
1. அடைப்பான் நோயால் இறந்ததாக ஐயுறப்படும் மாட்டின் உடலை அறுக்கக் கூடாது, ஏன்?
2. ‘அரசூர் 87’ - குறிப்பு வரைக.

நெடுவினா
நோயின் பெயரைச் சரியாக அறிவதன் இன்றியமையாமையைப் பாடத்தில் இடம்பெறும் இரு நிகழ்வுகள் வாயிலாக நிறுவுக.